அரசு தொடக்கப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை டீச்சர்? நாகர்கோவில் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலை முடிந்ததே தவிர சந்தேகம் கேட்கிறவர்கள் விடவில்லை. வடசேரி சந்தையில் காய் வாங்கும்போது, கல்யாண வீட்டுப் பந்தியில், மினிபஸ்ஸில் என்று எங்கே பார்த்தாலும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஏன் குறைகிறார்கள், டீச்சர் ஏன் இல்லை, யாரைக் கேட்பது என்றுதான் பேச்சு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியாததால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன்.

எங்க தெருமுனையில இருக்கிறது அரசுப் பள்ளியா, மாநகராட்சிப் பள்ளியா, மிஷன் பள்ளியா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பெயர்ப்பலகையைப் படித்தால் போதும். நாகர்கோவில் 2019இல் மாநகராட்சி ஆனதிலிருந்து ஊருக்குள் இருக்கிற எல்லாப் பள்ளியும் மாநகராட்சிப் பள்ளி ஆகிவிட்டதாக நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகள் சொந்தமாகப் பள்ளிகள் நடத்துகின்றன, அது வேறு. ஊர் எல்லை மாறியதால் மட்டும் பள்ளி கை மாறிவிடாது. வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்ற பலகையைத் தேடுவார்கள். நம்ம பக்கம் ‘அரசு தொடக்கப் பள்ளி’ என்றுதான் அதிகம் பார்க்கலாம். 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி, அங்கே அரசே நேரடியாக நடத்திய பள்ளிகள் அப்படியே தமிழ்நாட்டுக்கு வந்தன.

பலகையில் ‘அரசு உதவி பெறும்’ என்று இருந்தால் நிர்வாகம் தனியார் அல்லது திருச்சபை, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்குச் சம்பளம் அரசு. ரிங்கல்தௌபே என்ற மிஷனரி 1806இல் மயிலாடிக்கு வந்த நாளிலிருந்து மிஷன்காரர்கள் இந்த மாவட்டத்தில் பள்ளி நடத்தி வருகிறார்கள். அதனால் உதவி பெறும் பள்ளிகளின் பங்கு இங்கே பெரியது, ஒரே தெருவில் அரசுப் பள்ளியும் சபைப் பள்ளியும் எதிரெதிரே இருப்பதும் சாதாரணம்.

தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. 1 முதல் 5 வரை தொடக்கப் பள்ளி, 1 முதல் 8 வரை நடுநிலைப் பள்ளி. ஆசிரியர் கணக்கு இரண்டுக்கும் வேறு. கீழே நான் சொல்லுவது பெரும்பாலும் 1–5 பற்றித்தான்.

எத்தனை பிள்ளையளுக்கு எத்தனை டீச்சர்னு சட்டம் இருக்கா? இல்ல அவங்க இஷ்டமா?

சட்டம் இருக்கிறது. 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் எழுதியே வைத்திருக்கிறார்கள். 1–5 வகுப்பில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 பேர், 91 முதல் 120 வரை 4 பேர், 121 முதல் 200 வரை 5 பேர். 150ஐத் தாண்டினால் இந்த ஐந்து பேரோடு தனியாக ஒரு தலைமை ஆசிரியர். 200க்கு மேல் போனால் தலைமை ஆசிரியரை விட்டுவிட்டு, 40 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற விகிதம் தாண்டக் கூடாது.

இதில் ‘வகுப்புக்கு ஒரு ஆசிரியர்’ என்று எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கணக்கு மொத்தப் பிள்ளைகளை வைத்துத்தான். 12 பிள்ளைகள் இருந்தாலும் ஐந்து வகுப்பு, 60 பேர் இருந்தாலும் ஐந்து வகுப்பு, இரண்டு இடத்திலும் ஆசிரியர் இரண்டே பேர். அந்த இரண்டு பேரில் ஒருவர் தலைமை ஆசிரியர், அவரும் பாடம் எடுத்தாக வேண்டும். நாகர்கோவில் நகரத்துக்குள்ளேயே ஈராசிரியர் பள்ளி இருக்கிறது என்றால் பலர் நம்ப மாட்டேன் என்கிறார்கள். மலையோரத்து ஊர்களில்தான் அப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு.

அஞ்சு கிளாசுக்கு ரெண்டு டீச்சர்னா எப்படி சார் பாடம் நடக்கும்?

நடக்கும், ஆனால் நீங்கள் படித்த காலத்துப் பாடம் மாதிரி நடக்காது. 1 முதல் 3 வரை ஒரு அறை, 4, 5 இன்னொரு அறை. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதல் மூன்று வகுப்புக்கு வந்தது, அடுத்த கல்வியாண்டில் 4, 5க்கும் விரித்தார்கள். அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துப் பிரிப்பார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அரும்பிலும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மொட்டிலும் உட்காரலாம். பல வகுப்பை ஒரே அறையில் வைத்து நடத்த இந்தப் பிரிவு உதவத்தான் செய்கிறது.

ஒரு காலையில் நடப்பதைச் சொல்கிறேன். தரையில் மூன்று வட்டம். ஒரு வட்டத்தில் எழுத்து அட்டை அடுக்குகிறார்கள், இன்னொன்றில் பயிற்சிப் புத்தகம், மூன்றாவதில் டீச்சரே உட்கார்ந்து கழித்தல் சொல்லிக் கொடுக்கிறார். ‘ட’வைத் திருப்பிப் போட்டு எழுதிய சிலேட்டை ஒரு வாண்டு அவர் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்து அறையில் தலைமை ஆசிரியர் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டே எமிஸ் (கல்வித்துறையின் மாணவர், ஆசிரியர் பதிவுத் தளம்) செயலியில் வருகைப் பதிவு ஏறிவிட்டதா என்று போனைப் பார்க்கிறார். பத்தரை மணிக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு புள்ளிவிவரம் கேட்டு அழைப்பு. அவர் வெளியே போனதும் அந்த வகுப்புக்கும் இந்த டீச்சர்தான் பொறுப்பு. இருவரில் ஒருவர் லீவு போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த ஆகஸ்ட் 1 கணக்குன்னு சொல்றாங்களே, அது என்ன?

இதைத்தான் நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் எத்தனை பிள்ளைகளோ, அதை வைத்துத்தான் அந்த வருடப் பணியாளர் நிர்ணயம். எமிஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் இருக்கிறது, அந்த எண் அன்றைக்கு எந்தப் பள்ளியில் நிற்கிறதோ அந்தப் பள்ளிக் கணக்கு.

மேலே சொன்ன அட்டவணையை மறுபடி பாருங்கள். 60க்கும் 61க்கும் நடுவில் ஒரே ஒரு பிள்ளை, ஆனால் அந்த ஒரு பிள்ளையால் ஒரு ஆசிரியர் பணியிடமே கூடும். 90-91, 120-121 எல்லாம் அதே கதை. ‘ஆவணி பிறக்கட்டும், நல்ல நாள் பார்த்துச் சேர்க்கிறேன்’ என்று ஒரு தாத்தா சொன்னால் தலைமை ஆசிரியர் அவரைக் கும்பிடாத குறையாகக் கெஞ்சுவது இதற்குத்தான். ஆவணி வருவது ஆகஸ்ட் பாதியில், கணக்கு முடிவது ஒன்றாம் தேதி. அரசுப் பள்ளியில் சேர்க்கை மார்ச்சிலேயே தொடங்கிவிடுகிறது, நல்ல நாள் பார்க்க நான்கு மாதத்துக்கு மேல் நேரம் இருக்கிறது.

செப்டம்பர்ல பத்துப் பிள்ளையள் புதுசா வந்து சேர்ந்தாங்க. அப்ப டீச்சர் கூடணுமே?

கூடாது. பிள்ளைகளைச் சேர்ப்பார்கள், மறுக்க முடியாது. ஆசிரியர் கணக்கு அடுத்த ஆகஸ்டில்தான் மாறும். நடுவில் பிள்ளை பள்ளி மாறினாலும் இதே நிலைதான்.

எங்க பிள்ளைக்கு ரொம்பப் பிடிச்ச டீச்சரைத் தூக்கி வேற பள்ளிக்குப் போட்டுட்டாங்க. என்ன குத்தம் செஞ்சாங்க அவங்க?

ஒரு குற்றமும் இல்லை. 63 இருந்த பள்ளியில் 58 ஆனால் மூன்றாவது ஆசிரியர் ‘உபரி’. உபரி ஆசிரியரை, ஆள் தேவைப்படும் பள்ளிக்கு மாற்றுவதுதான் பணி நிரவல். பொதுவாக அந்தப் பள்ளியில் இளையவர் யாரோ அவர்தான் போக வேண்டிவரும், நன்றாக நடத்துகிறாரா இல்லையா என்பதை அங்கே யாரும் பார்ப்பதில்லை. போனவர் போய்விட்டாரே என்று அடுத்த வருடம் நான்கு வீட்டார் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள், எண்ணிக்கை இன்னும் இறங்கும். ஊர் சேர்ந்து பள்ளியைக் கைவிட்டுவிட்டு அரசு கைவிட்டதாகச் சொல்வதும் உண்டு, அரசே கைவிடுவதும் உண்டு, எது எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இடம் காலியா இருக்குன்னா ஏன் போட மாட்டேங்கிறாங்க? எத்தனையோ பேரு படிச்சிட்டு வேலை இல்லாம இருக்காங்களே!

தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிறவருக்கு இடைநிலை ஆசிரியர் என்று பெயர், அந்த நியமனத்துக்கு இப்போது இரண்டு படி. முதலில் ஆசிரியர் தகுதித் தேர்வு, பிறகு தனியாகப் போட்டித் தேர்வு. 2018இல் வந்த அரசாணை 149இன்படி இந்த முறை. 2024 ஜூலையில் நடந்த போட்டித் தேர்வு முதலில் 1,768 இடங்களுக்கு அறிவிக்கப்பட்டு, பிறகு 2,768 ஆக உயர்ந்தது. இது மாநிலம் முழுவதற்கும் சேர்த்து. அதில் நம் மாவட்டத்துக்கு வருவது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, குமரிக்காரர்களுக்கு முதல் வேலை வட மாவட்டங்களில் கிடைப்பதும், வருடக்கணக்கில் கலந்தாய்வு கலந்தாய்வாக ஊர் திரும்பக் காத்திருப்பதும் ஆசிரியர் குடும்பங்களில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 ஊராட்சி ஒன்றிய அளவில் இருந்த பதவி உயர்வு முன்னுரிமையை (சீனியாரிட்டி) மாநில அளவுக்கு மாற்றியது. ஆசிரியர் சங்கங்கள் அதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தன. டீச்சர்கள் ஏன் போராட்டம் செய்கிறார்கள் என்று கேட்ட பலருக்கு இந்த ஒரு வரி போதும். 2009 ஜூன் 1க்குப் பிறகு சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளமே குறைவு என்ற சண்டை தனி, அதை இங்கே இழுத்தால் பக்கம் முடியாது.

டீச்சர் பிரசவ லீவுல போயிட்டாங்க. ஒரு வருஷமா யாருமே வரல. இது நியாயமா?

அவருக்கு அது உரிமை. 2021 ஜூலை முதல் அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதம். அந்த இடம் காலி இடம் ஆகாது, அதனால் புது நியமனமும் இல்லை. வட்டாரக் கல்வி அலுவலர் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை மாற்றுப்பணியில் அனுப்பலாம். அப்படி அனுப்பக் கேட்க வேண்டியது பெற்றோர் அதிகமாக இருக்கிற பள்ளி மேலாண்மைக் குழு. தீர்மானம் போட்டு எழுத்தில் கொடுங்கள், போனில் புலம்பினால் காற்றோடு போய்விடும்.

பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் நியமிக்கவும் அரசு சில ஆண்டுகளில் அனுமதித்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 12,000 ரூபாய். தெரிந்த பிள்ளை ஒருத்தி அதே தெருவில் இருந்தால் நன்றாக நடக்கும். ஆனால் அரசு அனுமதித்த காலியிடத்துக்குத்தான் அந்த ஏற்பாடு, நாமாக விரும்பின இடத்துக்கெல்லாம் முடியாது.

நம்ம மாவட்டம்தான் படிப்புல முதலிடம். பின்னே ஏன் அரசுப் பள்ளியில ஆளு இல்ல?

படிப்பு அதிகமாக இருப்பதால்தான் என்று சொன்னால் கோபப்படுவீர்கள். 2011 கணக்கெடுப்பில் மாவட்ட எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே அதிகம். அதே கணக்கில் மக்களில் 82 விழுக்காடு பேர் நகரப் பகுதியில். படித்த பெற்றோர், பக்கத்தில் பக்கத்தில் பள்ளி, வீட்டு வாசலுக்கு வேன். காசு கொஞ்சம் புரண்டால் கான்வென்டுதான். அதோடு பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்கில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. இருக்கிற கொஞ்சம் பிள்ளைகளை அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக், சிபிஎஸ்இ என்று பங்கு போட்டால் தெருமுனைத் தொடக்கப் பள்ளிக்கு மிஞ்சுவது எவ்வளவு?

ஒரு காலத்தில் கோட்டாறு, வடசேரி, இடலாக்குடி பக்கம் அரசுப் பள்ளிகளில் கடைக்காரர் பிள்ளையும் தறிக்காரர் பிள்ளையும் வாத்தியார் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். வாத்தியார் பிள்ளைதான் முதலில் வெளியே போனது. எங்கள் இனத்தைப் பற்றி நானே சொல்கிறேன்.

இப்ப அங்க யாரு பிள்ளையள்தான் படிக்குது?

கொத்தனார், பெயின்டர், ஆட்டோ ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகள். ஜவுளிக் கடையில் நிற்கிற அம்மா, அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) போகிற அம்மா, வீட்டு வேலைக்குப் போகிற அம்மா. அப்பா வெளியூரில், அம்மா வேலையில், பாட்டி கைப்பிடித்துக் கூட்டி வருகிற பிள்ளைகள் நிறைய. தனியார் பள்ளியில் கட்டணம் கட்ட முடியாமல் மூன்றாம், நான்காம் வகுப்பில் வந்து சேருகிறவர்கள் ஒரு பக்கம். அப்புறம் ஓட்டல், கட்டட வேலைக்கு வடமாநிலத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகள்.

மதம் பார்த்தால் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். மாவட்டத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறைய பாதிப் பாதி, முஸ்லிம்கள் 4 விழுக்காடு சொச்சம். சவேரியார் கோவில் திருவிழா, மண்டைக்காடு கொடை, சுசீந்திரம் தேர், ஓணம் என்று எல்லாவற்றுக்கும் உள்ளூர் விடுமுறை வாங்கிச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டுகிற மாவட்டம் இது. பிள்ளைகளுக்கு லீவுதான் முக்கியம்.

இந்திக்காரப் பிள்ளையள் கூட உக்காந்தா என் மகனுக்குத் தமிழ் வராமப் போயிடாதா?

நான் பார்த்தது நேர்மாறு. அந்தப் பிள்ளைகள் ஆறு மாதத்தில் ‘சார், எனக்க பென்சில எடுத்துட்டான்’ என்று நம்ம ஊர்த் தமிழில் புகார் சொல்ல ஆரம்பித்துவிடும். எழுதுவதற்குத்தான் இன்னும் காலம் பிடிக்கும். டீச்சருக்குக் கூடுதல் உழைப்பு உண்டு, அதை மறைக்க மாட்டேன். பேச்சும் புரியாத, எழுத்தும் தெரியாத பிள்ளை நான்காம் வகுப்பில் வந்து உட்கார்ந்தால் அதற்கென்று தனி ஆசிரியர் இல்லை. உங்கள் மகனுக்கு அதனால் குறைவு வருவதென்றால் அது டீச்சரின் நேரத்தில்தான், தமிழில் இல்லை.

பிறப்புச் சான்றும் இல்ல, டிசியும் இல்ல. சேர்ப்பாங்களா?

சேர்க்க வேண்டும். வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது, டிசி தாமதத்தைக் காரணம் காட்டக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைத்துத் தேவையான பயிற்சி தர வேண்டும் என்று அதே கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.

நடைமுறையில் சிக்கல் எமிஸ் எண்ணில்தான். பழைய பள்ளி பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு விட்டால்தான் புதுப் பள்ளி எடுக்க முடியும். கட்டணப் பாக்கிக்காக விடாமல் வைத்திருக்கிற தனியார் பள்ளிகள் உண்டு. ஜூலை கடைசி வாரத்தில் இது தலைமை ஆசிரியருக்குப் பெரிய தலைவலி, பிள்ளை கண்ணெதிரே பெஞ்சில் இருக்கும், கணக்கில் வேறு பள்ளியில் இருக்கும். டிசியைப் பாக்கி வசூலிக்கும் கருவியாக வைக்கக் கூடாது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுதிக் கொடுத்தால் விடுவித்துத் தருவார்கள்.

சேர்க்கும்போது என்னத்துக்கு சாதி, மதம் எல்லாம் கேக்காங்க?

உதவித்தொகைக்கும் பிற்காலத்தில் சான்றிதழுக்கும் அந்தப் பதிவு பயன்படுகிறது. சொல்ல விருப்பமில்லை என்றால் ‘சாதியில்லை, மதமில்லை’ என்று போடவோ காலியாக விடவோ 1973லேயே அரசாணை இருக்கிறது. அதற்கான சலுகைகள் வராது என்பதையும் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

நம்ம மாவட்டத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பம் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வரும். அண்ணன் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வகுப்பு, தம்பி வீட்டுப் பிள்ளைக்கு வேறு வகுப்பு என்று இருக்கலாம். வாயால் சொன்னதை டீச்சர் எழுதிவிட்டு, பிறகு சான்றிதழோடு பொருந்தாமல் அலைவதைவிட, சான்றிதழை முதலிலேயே காட்டிவிடுங்கள்.

இங்கிலீஷ் மீடியம் இருக்குன்னு போர்டு போட்டிருக்காங்க. அதுக்குத் தனி டீச்சர் உண்டா?

தொடக்கப் பள்ளியில் பொதுவாக இல்லை. 2012–13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் படிப்படியாக வந்தன. ஆசிரியர் எண்ணிக்கை மட்டும் மேலே சொன்ன அதே மொத்தக் கணக்குத்தான். ஈராசிரியர் பள்ளியில் இரண்டு வழியும் இருந்தால் அதே டீச்சர் அதே அறையில் இரண்டையும் நடத்துவார். ‘ஆங்கில வழி’ என்று சொன்னதும் மயங்காமல் ஒரு நாள் வகுப்புக்குப் பக்கத்தில் நின்று கேட்டுப் பாருங்கள்.

மலையாளம் வழியில இன்னும் படிக்கலாமா?

மேற்குப் பக்கம், கேரள எல்லையோரத்தில் மலையாள வழிப் பள்ளிகள் இருக்கின்றன. 2006இன் தமிழ் கற்பித்தல் சட்டப்படி அங்கேயும் தமிழ் ஒரு பாடமாக உண்டு. நாகர்கோவில்காரர்களுக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் வராது.

எங்க டீச்சர் டெட் பாஸ் பண்ணலயாம். அவங்க பாடம் நடத்தலாமா?

தகுதித் தேர்வு கட்டாயம் என்று அறிவிப்பு வந்தது 2010 ஆகஸ்டில். அதற்கு முன்பே முறைப்படி வேலைக்கு வந்தவர்கள் தேர்வு இல்லாமலே இருந்தார்கள், அது தப்பும் இல்லை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஓய்வுக்கு 5 வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும், அதற்குக் குறைவாக இருப்பவர்கள் பணியில் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பிவிட்டார்கள், நம்ம மாவட்டத்துச் சபைப் பள்ளிகள் காத்திருப்பது அதற்குத்தான்.

இருபது வருடம் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரைப் பார்த்து ‘பாஸ் பண்ணலயாமே’ என்று பிள்ளை முன்னாலேயே பேசாதீர்கள். தேர்வு வேறு, கைப்பழக்கம் வேறு.

கிளார்க், வாட்ச்மேன், பி.டி. சார் எல்லாம் எங்க?

தொடக்கப் பள்ளியில் கிளார்க் பணியிடம் கிடையாது. எமிஸ், உதவித்தொகை, புத்தகம், சீருடை, காலணி அளவு வரைக்கும் ஆசிரியர்கள்தான். உடற்கல்வி, ஓவியம், தையல் பகுதி நேர ஆசிரியர்கள் என்று 2012இல் 16 ஆயிரம் பேருக்கு மேல் எடுத்தார்கள், அவர்கள் 6–8 வகுப்புகளுக்கு. தூய்மைப் பணியாளர் பகுதி நேரம், கிடைப்பது சொற்பம். கழிப்பறை நாறுகிறது என்று தலைமை ஆசிரியரிடம் சண்டை போடுகிறவர்கள் அந்தத் தொகையைக் கேட்டால் வாயடைத்துப் போவார்கள்.

தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் வேலை தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. வாக்காளர் பட்டியல் அந்தத் தேர்தலுக்குள் வந்துவிடும்.

சமையல் செய்றவங்களும் பள்ளி ஆளுகதானே?

சத்துணவுக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று தனி ஆட்கள், ஆசிரியர் கணக்கில் வர மாட்டார்கள். காலை உணவு 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளிலும், 2024 ஜூலையில் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளிலும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளிலும் வந்தது. காலையில் அம்மா ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கிற வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

என் மகளுக்குப் பேச்சு வரல. சாதாரணப் பள்ளியில சேர்க்க முடியுமா? அவளுக்குன்னு டீச்சர் இருப்பாங்களா?

சேர்க்கலாம், மறுக்க முடியாது. தினமும் கூடவே இருக்கிற ஆசிரியர் என்று கேட்டால் இல்லை. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் உண்டு, சிறப்புப் பயிற்றுநர் முறை வைத்துப் பள்ளிக்கு வருவார். எந்தக் கிழமை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வராத வாரம் கேளுங்கள், கேட்கிற வீட்டுக்குத்தான் ஒழுங்காக வருகிறார்கள்.

கான்வென்டுல 25 சதவீதம் இலவச இடம் உண்டாமே, எங்க ஏரியாவுல எந்தப் பள்ளியும் தர மாட்டேங்குதே?

நீங்கள் கேட்ட பள்ளிகள் சிறுபான்மைப் பள்ளிகளாக இருக்கும். 2014இல் உச்ச நீதிமன்றம், கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மை நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்னது. குமரியில் பேர் பெற்ற பல தனியார் பள்ளிகள் அந்த வகை. சிறுபான்மை அல்லாத சுயநிதிப் பள்ளிகளில்தான் அந்த 25 விழுக்காடு, அதுவும் நுழைவு வகுப்பில் மட்டும்.

உதவி பெறும் பள்ளியில படிச்சா 7.5 சதவீத மெடிக்கல் சீட் கிடைக்குமா?

கிடைக்காது. 2020இல் வந்த அந்த ஒதுக்கீடு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. ஒன்று முதல் ஐந்து வரை சபைப் பள்ளியில் படித்தாலும் பாதிப்பில்லை, ஆறாம் வகுப்பில் எங்கே சேர்க்கிறீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும். கல்லூரி போகிற பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் வேறு விதி. அதை 2024–25 முதல் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் விரித்தார்கள். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பிள்ளை குறைஞ்சா பள்ளியை மூடிருவாங்களா?

பத்துப் பேர் இருந்தாலும் பள்ளி நடக்கும், மேலே சொன்னபடி இரண்டு பேர் இருப்பார்கள். ஒரு பிள்ளையும் இல்லாத பள்ளிதான் இயங்காமல் போகும். ஆனால் கதவு திறந்திருப்பதும் பள்ளி நடப்பதும் ஒன்றில்லை. ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை இருக்கிற பள்ளியில் அந்தப் பிள்ளை யாரோடு விளையாடும், யாரோடு போட்டி போடும்? அப்படிப்பட்ட நிலைமையில் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்கலாமே என்று நான் சொன்னால் சங்க நண்பர்களே சண்டைக்கு வருவார்கள். சொல்லத்தான் செய்கிறேன்.

சேர்க்கிறதுக்கு முன்னால போய் என்ன கேக்கணும்?

மொத்த எண்ணிக்கையைக் கேட்காதீர்கள், வகுப்பு வாரியாகக் கேளுங்கள். உங்கள் பிள்ளை வகுப்பில் எத்தனை பேர், எந்த வகுப்போடு சேர்த்து உட்கார வைக்கிறார்கள். அனுமதித்த பணியிடம் எத்தனை, இப்போது நேரில் இருக்கிறவர் எத்தனை, நீண்ட விடுப்பிலோ மாற்றுப்பணியிலோ யாராவது போயிருக்கிறார்களா, ஓய்வு பெறப்போகிறவர் உண்டா. தயங்கிப் பதில் சொன்னால் மத்திய அரசின் பள்ளிப் புள்ளிவிவரத் தளமான யுடைஸ் இணையதளத்தில் பள்ளியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், பிள்ளைகள் எண்ணிக்கையும் ஆசிரியர் எண்ணிக்கையும் வரும், போன வருடக் கணக்காக இருக்கலாம். அதுவும் போதவில்லை என்றால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டம் எப்போது என்றும் கேட்டு வையுங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். பெயருக்குக் கையெழுத்துப் போடுகிற குழுவா, கேள்வி கேட்கிற குழுவா என்று ஒரு கூட்டத்திலேயே தெரிந்துவிடும். பள்ளிக்குப் போவதென்றால் காலை முதல் மணி அடிக்கும் நேரத்தில் போகாதீர்கள், அப்போது தலைமை ஆசிரியர் உப்புமா வாளிக்குப் பக்கத்தில் நிற்பார். மூன்றரைக்கு மேல் போனால் உட்கார்ந்து பேசுவார்.